நாய் பொய் சொல்லாது

“நாயப் பாக்காத, டூலி. நாயப் பாக்க ஆரம்பிச்சா எல்லாருக்கும் புத்தி மழுங்கிடுது.”

சொல்லிக்கொண்டே கோரா பெட்டிஃபோர்ட் டிவி திரையின் கீழ்ப்பாதியில் ஒரு பீட்ஸாக் கடை விளம்பரத் தாளை ஒட்டினாள். திரையில் ஓடியது போலீஸ் வண்டியின் கேமரா பிடித்த வீடியோ. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய நீலக் கார், அதைச் சுற்றி நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் போலீஸ்காரன், டெபுடி வேட் க்ரல். அவனுடைய இடுப்புக்குக் கீழே இப்போது எல்லாமே பீட்ஸா.

“நாய் எப்ப உக்காரும்னு சொல்லு.”

“நாயே தெரியலையே மேடம்.”

“அதான் வேணும். அவன் கையப் பாரு.”

டூலி சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். உள்ளூர் ரேடியோவில் காலை நேர அறிவிப்பாளனாக இருந்தவன் அவன். மேயரைப் பற்றி ஒரு ஜோக் அடித்து வேலையைத் தொலைத்தான். அதே ஜோக்கைச் சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் கோராவிடம் உதவியாளனாகச் சேர்ந்தான்.

திரையில் க்ரல் காரை ஒரு முறை சுற்றி வந்தான். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சுற்றில், பின் கதவருகே, அவனுடைய இடது கை தானாக இடுப்பிலிருந்த தோல் பைக்குப் போயிற்று.

“இப்போ!” என்றான் டூலி.

கோரா தாளைப் பிய்த்தாள். நாய் வாலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தது.

இன்னொரு வீடியோ போட்டாள். வேறு கார், வேறு நாள். அதிலும் டூலி சரியாகச் சொன்னான். அதற்கடுத்ததிலும் சொன்னான்.

“அந்தப் பையில ரப்பர் பந்து இருக்கு. உக்காந்தா பந்து கிடைக்கும். கை பைக்குப் போனா அதுக்குப் பந்து வரப்போகுதுன்னு தெரிஞ்சிடும். மோப்பமெல்லாம் ஒண்ணுமில்ல. க்ரல் யாரு மேல சந்தேகப்படறானோ, அங்க அது உக்காருது.”

“அப்ப க்ரல் கழுத்துல பட்டையக் கட்டி, பேட்ஜை நாய்க்குக் குத்தியிருக்கலாம்” என்றான் டூலி. “இன்னொண்ணு கவனிச்சீங்களா? மூணு காரும் ரயில் பாதைக்குத் தெக்கே உள்ள கறுப்பு ஜனங்களோட கார். வடக்கே வெள்ளைக்காரங்க பக்கம் இந்த நாய் உக்காந்ததா சரித்திரமே இல்ல. மூக்கு வேலை செய்யலன்னாலும் அதுக்கு ஊரோட மேப் மனப்பாடம்.”

அந்த நாயின் பெயர் லிபர்ட்டி. சுதந்திரம் என்று பெயர் வைத்த நாயை விட்டே ஜனங்களின் சுதந்திரத்தைக் கடிக்கவைப்பது ஓகோபா கவுண்டிக்காரர்களுக்கு மட்டுமே கைவந்த கலை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கே இப்படி ஒரு மாவட்டம் இருப்பதே வெளியே பலருக்குத் தெரியாது. கோராவைக் கேட்டால், தெரியாமலிருப்பதே அவர்களுக்கு நல்லது என்பாள்.

அந்த நீலக் கார் டெல்ஃபின் ரோலண்டுடையது. டெல்ஃபின் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். நம்பர் பிளேட் விளக்கு மங்கலாக எரிகிறது என்று சொல்லி க்ரல் அவளை நிறுத்தினான். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டான். “முடியாது” என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்று நாட்டின் அரசியல் சட்டமே சொல்கிறது. “ஒளிக்க ஒண்ணும் இல்லைன்னா தொறந்து காட்ட வேண்டியதுதானே?” என்று இளித்துவிட்டு க்ரல் நாயை இறக்கினான். நாய் உட்கார்ந்தது. பயிற்சி பெற்ற நாய் உட்கார்ந்துவிட்டால் போதும், கோர்ட்டின் சோதனை வாரன்ட் இல்லாமலே காரைத் திறந்துவிடலாம். திறந்தார்கள்.

உள்ளே ஒரு பெப்பர்மின்ட் டப்பா. அதற்குள் அவளுடைய சித்திக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த, போதை தரும் வகை வலி மாத்திரைகள். மருந்துக் கடைப் புட்டியின் மூடியைத் திருக அந்த அம்மாளின் மூட்டுவாத விரல்களால் முடியவில்லை, அதனால் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இதைக் கோர்ட்டில் வந்து சொல்ல அவர் உயிரோடு இல்லை. வசந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். போதை மருந்து கடத்தினாள் என்று வழக்கு. தோற்றால் ஐந்து வருஷம் உள்ளே போவாள், பத்து வயது மகள் யாரோ முகம் தெரியாதவர்கள் வீட்டில் வளர்வாள்.

ஒரே வழி இருந்தது. சோதனையே சட்டவிரோதம் என்று நிரூபித்துவிட்டால் அந்த டப்பாவைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. டப்பா இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. விசாரணை திங்கட்கிழமை, ஜட்ஜ் ஆர்லின் விக்கர் முன்னால்.

“இந்த வீடியோவ அப்படியே கோர்ட்ல போட்டுக் காட்டிட்டா?” என்றான் டூலி.

“போன வருஷம் இன்னொரு கேஸ்ல நம்ம வக்கீல் பிங்க்னி சொல்லிப் பாத்தாச்சு. விக்கர் என்ன சொன்னார் தெரியுமா? ‘நாய்க்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? நாய் பொய் சொல்லாது.’ கோர்ட்டே சிரிச்சுது. அவர் எதச் சொன்னாலும் அந்தக் கோர்ட் சிரிக்கும்.”

அவளுக்கு அது நன்றாகத் தெரியும். பல வருஷம் அதே கோர்ட்டில் காவலராக நின்று, தினமும் காலையில் “எல்லாரும் எழுந்திருங்க” என்று குரல் கொடுத்தவள் அவள். விக்கரின் வயிறு முதலில் வரும், பிறகு அங்கி, கடைசியில் விக்கர். எழுந்து நின்று நின்று ஒருநாள் மரியாதை மொத்தமும் தீர்ந்துபோய், வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தாள்.

“வீடியோவுல காட்டினாலும் அவருக்குப் புரியாது” என்றாள். “நேர்ல காட்டணும். நாளைக்கு ஷெரீஃபோட மீன் விருந்து இருக்குல்ல? அங்கயே காட்டலாம்.”

போலீஸுக்குத் தலைவரான ஷெரீஃபும் ஓட்டு வாங்கித்தான் ஷெரீஃப் ஆக வேண்டும், ஜட்ஜும் ஓட்டு வாங்கித்தான் ஜட்ஜ் ஆக வேண்டும். அதனால் வருஷா வருஷம் சர்ச் மைதானத்தில் கெளுத்தி மீன் பொரித்து ஊருக்கே போடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் லிபர்ட்டியின் வித்தை நடக்கும். ஊர்ப் பெரிய மனிதர்களின் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். போதை மருந்தின் வாசம் மட்டும் ஏற்றிய ஒரு துணிப் பொட்டலத்தை பாஸ்டர் ஹாஸ்கியூ ஏதோ ஒரு வண்டிக்கடியில் ஒளித்து வைப்பார். நாய் வந்து கண்டுபிடிக்கும். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

சனிக்கிழமை மதியம் கோரா போனபோது பாஸ்டர் கொப்பரையில் எண்ணெய் காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், ஒரு சந்தேகம். பொட்டலத்த ஏன் எல்லா வருஷமும் சர்ச் வேனுக்கு அடியிலயே வைக்கறீங்க?”

பாஸ்டர் கரண்டியைத் தவறவிட்டார். “யாரு சொன்னா?”

“நீங்கதான் இப்பச் சொன்னீங்க.”

அவர் நாலு பக்கமும் பார்த்தார். “கோரா, கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. பேங்க் மேனேஜர் வண்டிக்குக் கீழ வச்சேன்னு வையி. எல்லார் முன்னாலயும் நாய் அவர் வண்டிகிட்டப் போயி உக்காரும். வெளையாட்டாவே இருக்கட்டும், அவர் மனசு என்ன பாடுபடும்? அடுத்த வாரம் சர்ச்சுக்கு வருவாரா? அதான் யாருக்கும் சங்கடம் வேண்டாம்னு எங்க வேன்லயே...”

“வெளையாட்டுக்கு உக்காந்தாலே பேங்க் மேனேஜருக்கு மனசு கஷ்டம். டெல்ஃபின் கார்கிட்ட நிஜமாவே உக்காந்துச்சே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?”

பாஸ்டர் குனிந்து கரண்டியை எடுத்துத் துடைத்தார்.

“க்ரலுக்கும் வேன்னு தெரியும். ஊரே கை தட்டுது, நாய் மகா புத்திசாலின்னு கோர்ட்டும் நம்புது. அதுக்குச் சாட்சியா வருஷா வருஷம் நிக்கறது நீங்க. ஒரு சின்னப் பொண்ணு அம்மா இல்லாம வளரப்போறா, பாஸ்டர். அடுத்தவனுக்கு எதிரா பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு நாளைக்கு எந்த முகத்தோட பிரசங்கம் பண்ணுவீங்க?”

பொரித்த மீனுக்கு நிகராக வியர்த்தார் பாஸ்டர். நல்ல மனிதர்தான். யாருக்கும் சங்கடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக யாரை வேண்டுமானாலும் ஜெயிலுக்கு அனுப்பிவிடக்கூடிய நல்ல மனிதர். இந்த ரகத்தைக் கண்டால் கோராவுக்குக் க்ரலைவிட ஆத்திரம் வரும்.

“இப்ப என்ன செய்யணுங்கற?” என்று முனகினார்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம். அதான் உங்களுக்கு நல்லா வருமே. பொட்டலத்த உங்க கோட்டுப் பையிலயே வச்சுக்கங்க. வேன அனுப்பி முதியோர் இல்லத்துல இருக்கறவங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பாவம், அவங்களும் மீன் சாப்பிடட்டும்.”

சாயங்காலம் மைதானம் நிரம்பி வழிந்தது. மீனும் சோளமாவு உருண்டையும் தட்டுத் தட்டாகப் போயின. வேட்பாளர் பெயர் போட்ட ரிப்பன் கட்டிய குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜட்ஜ் விக்கரின் புத்தம்புதுக் கருப்பு பிக்-அப் வண்டி, வரிசையின் நடுவில் மெருகேறி நின்றது. வேன் இல்லை.

க்ரல் அந்த வரிசையை இரண்டு தடவை பார்த்தான். பிறகு தன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்த டூலியிடம் நைசாக வந்தான். டூலி வாயில் எதுவும் நிற்காது என்று ஊருக்கே தெரியும். கோரா பக்கத்து மேஜையில் மீனில் முள் பொறுக்குபவள் போல உட்கார்ந்திருந்தாள்.

“என்ன டூலி, எப்படி இருக்க? நீ இங்கயேதான இருந்த? பாஸ்டர் எந்தப் பக்கமாப் போனாரு?”

“எனக்கென்ன தெரியும் டெபுடி? நான் டீ குடிச்சிட்டு இருக்கேன்.”

“சும்மா சொல்லுப்பா.”

“இதோ பாருங்க, ஜட்ஜ் ஐயாவோட பிக்-அப் பக்கத்துல பாஸ்டர் குனியவே இல்ல. நான் எதையும் பாக்கவே இல்ல. பைபிள்ல அடிச்சுச் சத்தியம் பண்றேன், போதுமா?”

க்ரல் முகம் மலர்ந்தது. டூலி முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். “ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல உனக்கு.”

“எங்கம்மாவும் அதத்தான் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாங்க” என்றான் டூலி.

க்ரல் போனதும் கோரா பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். “மேடம், நீங்களே சாட்சி. நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருந்துச்சா?”

“இல்ல. அதனாலதான் அவனால நம்ப முடியல.”

மைக்கைப் பிடித்தார் ஜட்ஜ் விக்கர். வாயோரத்தில் எண்ணெய் மின்னியது. சட்டம், ஒழுங்கு, குடும்பம், கடவுள், தன் தொகுதி என்று ஒரு சுற்று வந்துவிட்டு லிபர்ட்டியைக் கை காட்டினார். “வக்கீலுங்க பொய் சொல்லுவாங்க. குத்தவாளிங்க பொய் சொல்லுவாங்க. ஆனா நாய் பொய் சொல்லாது!”

ஊர் சிரித்தது. எல்லாக் கைகளிலும் செல்போன் உயர்ந்தது.

லிபர்ட்டி துள்ளிக்கொண்டு வந்தது. முதலில் பாஸ்டரைத்தான் கடந்தது. நின்றது, அவருடைய கையை ஆசையாக நக்கியது, கோட்டுப் பையை மூக்கால் ஒரு இடி இடித்தது, பிறகு போய்விட்டது. பாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கோரா நாயைப் பார்க்கவில்லை. க்ரலின் இடது கையை மட்டும் பார்த்தாள்.

முதல் வண்டி, இரண்டாவது வண்டி. கை தொங்கிக்கொண்டே இருந்தது. கருப்பு பிக்-அப்பின் கதவருகே வந்தபோது அது மெல்ல எழுந்து, தோல் பையைத் தொட்டது.

லிபர்ட்டி உட்கார்ந்தது.

கைதட்டல் மைதானத்தைப் பிளந்தது. ஜட்ஜ் பெருந்தன்மையாகச் சிரித்து, தன் வண்டிக்குக் கிடைத்த பெருமைக்குத் தலை வணங்கினார். க்ரல் பந்தை வீசிவிட்டு வண்டிக்கடியில் குனிந்து தடவினான். இந்தச் சக்கரத்தடியில் தடவினான், அந்தச் சக்கரத்தடியில் தடவினான். கைதட்டல் ஓய்ந்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தான்.

“டெபுடி” என்று கூப்பிட்டார் பாஸ்டர். கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். “இது இங்கதான் இருக்கு. இந்த வருஷம் நான் எங்கயுமே வைக்கல.”

உயர்ந்திருந்த செல்போன்கள் எல்லாம் பாஸ்டர் பக்கம் திரும்பின.

கோரா தட்டோடு எழுந்து வந்தாள். “சொல்லு வேட். நாய் தப்பா உக்காந்துச்சா? இல்ல, ஜட்ஜ் ஐயா வண்டில நெஜமாவே சரக்கு இருக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

க்ரல் ஷெரீஃபைப் பார்த்தான். ஷெரீஃப் தன் தட்டிலிருந்த மீனைப் பார்த்தார். நாய் தப்பு என்று சொன்னால் திங்கட்கிழமை வழக்கு போச்சு, அதோடு பழைய வழக்குகளும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். க்ரலின் மண்டைக்குள் அந்தக் கணக்கு மெதுவாக ஓடுவதை முகத்திலேயே படிக்க முடிந்தது.

“லிபர்ட்டி தப்பே பண்ணாது!” என்றான் கடைசியில். “ஜட்ஜ் ஐயா, ஒரே ஒரு நிமிஷம் வண்டியத் தொறந்து காட்டிட்டீங்கன்னா...”

“என் வண்டியவா?” விக்கரின் கன்னம் சிவந்தது. “ஒரு நாய் குந்திடுச்சுன்னு என் வண்டியத் தொறக்கணுமா? உங்கிட்ட வாரன்ட் இருக்காடா?”

“நாய் உக்காந்தா வண்டிக்கு வாரன்ட் வேண்டாம்னு நீங்கதானேய்யா தீர்ப்பு சொன்னீங்க?” என்றான் க்ரல். கிண்டல் இல்லை. பாவம், மனசாரத்தான் கேட்டான்.

“அது வேற, இது வேற!”

கூட்டம் விலகியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு டெல்ஃபின் ரோலண்ட் முன்னால் வந்தாள். வா என்று கோராதான் சொல்லியிருந்தாள், பேசு என்று சொல்லவில்லை.

“ஒளிக்க ஒண்ணும் இல்லைன்னா தொறந்து காட்ட வேண்டியதுதானே, ஐயா?” என்றாள் டெல்ஃபின். “என்கிட்ட அன்னிக்கு அப்படித்தான் கேட்டாங்க.”

“என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல!” விக்கர் கத்தினார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது. “இருந்தாலும் இல்லாட்டியும் அது என் வண்டி! அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்க எவனுக்கும் உரிமை கிடையாது!”

“அதத்தான் ஐயா நானும் சொன்னேன்.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அது ஜட்ஜுக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை. விக்கருக்கும் அது புரிந்துவிட்டது, மைக்கை அணைக்க ஸ்விட்சைத் தேடினார்.

கோரா தன் கைப்பையைத் திறந்தாள். பெயர் எழுதாத சாட்சி சம்மன் ஒன்றை பிங்க்னி கொடுத்து வைத்திருந்தார். அவசரத்துக்குப் பெயரை நிரப்பிக்கொள்ளலாம். மேஜை மேலேயே வைத்து நிரப்பினாள், சுடச்சுட இருந்த மீன் தட்டுக்கடியில் செருகி, ஜட்ஜிடம் மரியாதையாக நீட்டினாள்.

“சூடா சாப்பிடுங்க ஐயா. கீழ இருக்கறது சம்மன். திங்கட்கிழமை டெல்ஃபின் ரோலண்ட் கேஸ்ல நீங்க எங்க தரப்புச் சாட்சி.”

“நான் ஜட்ஜ்! என் கோர்ட்ல நானே எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?”

“முடியாது. அதனால வேற ஜட்ஜ் வருவாரு. நீங்க கூண்டுல ஏறி, நாய் உக்காந்தது தப்பா சரியா, வண்டியத் தொறக்க ஏன் மறுத்தீங்க, எல்லாத்தையும் சத்தியம் பண்ணிச் சொல்லணும். நான் முன்வரிசையில உக்காந்திருப்பேன்.” கோரா ஒரு கணம் நிறுத்தினாள். “இந்தத் தடவ எழுந்திருக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை அவர் கூண்டில் ஏறவில்லை. யாருமே ஏறவில்லை. கோர்ட் கூடியதுமே அரசுத் தரப்பு வக்கீல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு எழுந்து, இந்த வழக்கைத் தொடர்ந்து நடத்த அரசுக்கு விருப்பமில்லை என்றார். காரணம் சொல்லவில்லை. தேர்தல் வருஷத்தில் ஒரு ஜட்ஜைக் கூண்டில் ஏற்றி வண்டியை ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லவைப்பதைவிட, ஒரு நர்ஸை விட்டுவிடுவது அவர்களுக்கு மலிவு. க்ரலையும் நாயையும் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

கோர்ட் படிக்கட்டில் டெல்ஃபின் மகளை அணைத்தபடி நின்றாள். அழுது முடித்துவிட்டு கோராவைப் பார்த்தாள்.

“நான் அன்னிக்கு முடியாதுன்னு சொன்னது சரிதான்னு உள்ள யாராச்சும் சொன்னாங்களா?”

“இல்லம்மா.” கோரா ஆத்திரத்தோடு கோர்ட் கதவைக் காட்டினாள். “இவங்க உன் உரிமையக் காப்பாத்தல. ஜட்ஜோட வண்டியக் காப்பாத்திக்கிட்டாங்க. அந்தச் சந்துல நீ வெளிய வந்துட்ட. ஆனா நீ சொன்னது சரிதான். அத ஜட்ஜே மைக்கைப் புடிச்சு ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு.”

டெல்ஃபின் சிரித்தாள். மகள் அவளை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.

கோரா வாசலைப் பார்த்தாள். லிபர்ட்டி உட்கார்ந்ததால் உள்ளே போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர் ஜெயிலில் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மீன் விருந்து கிடையாது. பிங்க்னியோடு உட்கார்ந்து அந்த வழக்குகளை ஒவ்வொன்றாகக் கிளற வேண்டும். இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

“மேடம்” என்றான் டூலி, ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டே. “நேத்து ஜட்ஜ் வண்டி சர்ச் வாசல்ல நின்னுச்சு. கண்ணாடி கீழ எறக்கியிருந்துச்சு. கதவும் பூட்டல. சுத்துமுத்தும் ஆள் இல்ல.”

கோரா திரும்பினாள். “உள்ள என்ன இருந்துச்சு?”

“தெரியாது.”

“பாக்கலயா நீ?”

“எப்படி மேடம் பாக்கறது?” என்றான் டூலி. “வாரன்ட் இல்லையே.”